நான்காவது மறுப்பு

"உள்ளே வாங்க கியூமர்ஸ். நனைஞ்ச கோழி மாதிரி வாசல்ல நிக்கிறீங்களே!"

"இருக்கட்டும் உஸ்தாத். நாளைக்கு நீங்க எங்க பாடநூல் அலுவலகத்துக்கு வந்து சிரமப்பட வேணாம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"சிரமமா? உங்க முகத்தைப் பார்க்கிறதே எனக்குப் பாக்கியம்."

"பெரிய வார்த்தை. ஆனா வர வேணாம்."

"என் பன்னிரண்டு பக்கத்தை வெட்டாம விடுங்க, வரலை."

"நான் யாரு வெட்டுறதுக்கு? உங்க கால் தூசி. வராதீங்க உஸ்தாத்."

"தூசின்னா துடைக்கவாவது வரணுமே!"

உஸ்தாத் சிரித்தார். கியூமர்ஸ் சிரிக்கவில்லை. "வராதீங்க" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு மழையில் இறங்கினார். உஸ்தாதின் மனைவி கொண்டுவந்த தேநீர் அப்படியே ஆறியது.

உள்ளே தவளைப் படம் வரைந்துகொண்டிருந்த அவருடைய பழைய மாணவி ஃபரங்கீஸின் தூரிகை நின்றது. ஈரானின் ரஷ்த் நகரில் மூன்று முறை மறுப்பது மரியாதை. நான்காவது முறை யாரும் சும்மா மறுப்பதில்லை. அவள் ஒவ்வொன்றாக எண்ணியிருந்தாள். உஸ்தாதும் எண்ணினாரா என்று தெரியவில்லை.

ஊரார் உஸ்தாத், அதாவது ஆசான், என்று அழைத்த ஹூஷ்மந்த் லங்கரூதி இருபத்தாறு ஆண்டுகளாக உயிரியல் ஆசிரியர். நெல்வயல் தவளையைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, சைக்கிளில் வகுப்புக்குக் கொண்டுவருவார். கொக்கு ஏன் ஒற்றைக்காலில் நிற்கிறது என்று சிறுவர் இதழில் அவர் எழுதிய மாதம், பிள்ளைகளின் கடிதங்கள் ஒரு பை நிறைய வந்தன. பிறகு பள்ளிப் பாடநூல் எழுதினார். படங்கள் ஃபரங்கீஸுடையவை. கடைசிப் பன்னிரண்டு பக்கங்கள், உயிர்கள் காலந்தோறும் எப்படி மாறி வந்தன என்பதைச் சொல்பவை. புரட்சி முடிந்த நான்காம் ஆண்டு, பாடநூல் அலுவலகத்தார் அவற்றை நீக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார். அச்சுக்குப் போன பிரதி அலுவலகத்திலேயே காணாமல் போனது. மிஞ்சியது வீட்டிலிருந்த கையெழுத்துப் பிரதி மட்டும்.

மறுநாள் காலை அவர் போனார். மாலை திரும்பவில்லை.

நாற்பத்தோரு நாள் ஒரு தகவலும் இல்லை. பள்ளியில் அவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். இதழ் அவர் பெயர் இல்லாமல் வந்தது. கியூமர்ஸ் தெருவில் ஃபரங்கீஸைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

ஒரு மதியம் அவள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. உஸ்தாத். தோளில் கோட்டு தொங்கியது; வேறு யாருடையதோ போல. பின்னால் அறிமுகமில்லாத இருவர்.

"அந்தப் பன்னிரண்டு பக்கத்தைக் கொடுத்துடும்மா."

"என்கிட்ட இல்லை உஸ்தாத்."

"கொடுத்துடு. இவங்க நல்லவங்க."

"இல்லையே உஸ்தாத்."

"உன்கிட்டதாம்மா கொடுத்தேன்."

"இல்லை."

இருவரில் ஒருவர் தொண்டையைச் செருமினார். உஸ்தாத் நான்காவது முறை கேட்டார். குரல் உடைந்திருந்தது. அவள் கண் அடுப்படி அரிசி மூட்டைப் பக்கம் போகப் பார்த்தது. அதை இழுத்து அவர் காலணியில் நிறுத்தி, "இல்லை" என்றாள்.

அலுவலகத்துக்குக் கிளம்பிய காலையில் அதே காலணியின் கயிற்றைக் கட்டிவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய அந்தப் பன்னிரண்டு பக்கங்களை அவளிடம் நீட்டி அவர் சொல்லியிருந்தார்:

"இதை வச்சிரும்மா. நானே வந்து கேட்டாலும் இல்லைன்னு சொல்லு. மூணு தடவையோட நிறுத்திடாதே. நாலாவது தடவையும் சொல்லு."