தூக்கத்தில் அடங்கிய கை

அக்காவை அடித்தது அப்பா. அடிக்க வைத்தது நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜலகண்டாபுரத்தில் எங்கள் வீட்டுக்குள்ளேயே நான்கு விசைத்தறிகள் ஓடின. தறி ஓடும் வீட்டில் யாருக்குத் தொண்டை வலித்தாலும் பஞ்சுத்தூசி என்பார்கள். வாயில் ஒரு வெல்லக்கட்டியைப் போட்டு வேலையைப் பார்க்கச் சொல்வார்கள். காய்ச்சலோடு அக்காவின் தொண்டை வீங்கியபோதும் வெல்லம்தான். நாலு நாளில் சரியானது. மறந்துவிட்டோம்.

இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். அக்காவின் கை சும்மா இருக்க மறுத்தது. தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்ற உட்கார்ந்தால் அறுத்தாள். சோற்றுத்தட்டைக் கீழே போட்டாள். தோள் துள்ளும், முகம் கோணும். அவள் அறுத்த இழைகளை எல்லாம் எட்டு வயதான நான் முடிந்துகொண்டிருந்தேன். எரிச்சல் வராதா?

"நானா ஆட்டலடி, அதா ஆடுது" என்பாள்.

"ஊட்டு வேலைன்னா மட்டும் ஆடுதா சாமி?" என்று அம்மா குத்துவாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கை, தோள், முகம் எதுவும் அசையவில்லை. அப்பாவிடம் ஓடினேன்.

"தூங்கறப்ப ஆடறதே இல்லீங்கப்பா. அக்கா நடிக்கிறா."

அப்பா வந்து பார்த்தார். எழுப்பி அடித்தார். அடி வாங்கும்போதும் கை ஆடியது. திமிர் என்று இன்னும் இரண்டு வைத்தார்.

பேச்சும் குழறிய பிறகுதான் சேலத்துக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டிய நாக்கு நிற்காமல் உள்ளே ஓடியது. முன்பு தொண்டை வலித்ததா என்று கேட்டார்.

"தூசிங்க. வெல்லங் குடுத்தமுங்க" என்றாள் அம்மா.

"தூசி இல்லைம்மா, கிருமி. தொண்டைல வந்தது அபூர்வமா மூளைல இப்படிக் காட்டும். இதயத்தையும் பாக்கணும். தூங்கறப்ப ஆடுதா?"

நான் முந்திக்கொண்டேன். "ஆடாதுங்க. நாந்தான் கண்டுபுடிச்சேன்."

"சரியாச் சொன்னே பாப்பா. இந்த நோவு அப்படித்தான், தூக்கத்துல அடங்கிரும்."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், டாக்டரே சரி என்று சொல்லியும் ஒருத்தரும் என்னை மெச்சவில்லையே என்று தாரமங்கலம் தாண்டும்வரை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.