யானை வராத சாயங்காலம்

மூன்று வருடங்களுக்கு முன், ராகி முற்றி நின்ற ஒரு கார்த்திகை மாதம். ஓசூரை அடுத்த சானமாவு காட்டோரக் கிராமத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக 'ஆக்‌ஷன்' சொன்னேன். அதுவரை நான் கச்சேரி மேடைகளில் போட்டோ எடுப்பவன். பாடகர் உச்சத்தில் கண்ணை மூடும் அந்த ஒரு நொடியைப் பிடிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்ற திமிர் வேறு.

பகலில் ஃபேக்டரி, மாலையில் மேடை என்று இருந்த பாடகர் நண்பர்தான் தன் பாட்டை வீடியோவாக எடுக்கச் சொன்னார். "மச்சான், இது சொதப்புச்சுன்னா நீ போட்டோவே எடு. டைரக்டர் பேச்சே எடுக்காத" என்றும் சொல்லிவிட்டார்.

வயல்காரரிடம் போனில் அனுமதி வாங்கியிருந்தேன். ஊரில் வேறு யாரிடமும் சொல்லவில்லை. டைரக்டர் எதற்குச் சொல்ல வேண்டும்? பொழுது சாயும் நேரம், வரப்பில் நான்கு தப்பட்டைக்காரர்களை நிறுத்தி, "காடே அதிரணும்ண்ணே" என்றேன். அதிர்ந்தது.

சற்று நேரத்தில் ஊரே ஓடிவந்தது. தகர டப்பா, பட்டாசு, தீப்பந்தம்! அந்த நேரத்தில் வயலில் தப்பட்டை கேட்டால், ராகிக்குள் யானை இறங்கிவிட்டது என்று அர்த்தம். இந்தப் பக்கமே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். டைரக்டர் ஆன சந்தோஷத்தில் மறந்து தொலைத்தேன்.

ஆனாலும் என்ன காட்சி அது! புழுதி, நெருப்பு, சிவந்த வானம். ஸ்டாண்டிலிருந்து கேமராவைப் பிடுங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துத் தள்ளினேன்.

"ரெக்கார்ட் ஆச்சா மச்சான்?" என்றார் நண்பர். பார்த்தேன். அத்தனையும் போட்டோ. வீடியோ ஒரு நொடிகூட இல்லை. பழகின விரல் பழகின பட்டனைத்தான் அமுக்கியிருக்கிறது.

"ஆனெ எல்லி?" யானை எங்கே என்று கன்னடத்தில் ஒருவர் கத்தினார். கையில் கரண்டியோடு முன்னால் வந்த அக்கா விஷயம் புரிந்ததும் பிடித்துக்கொண்டார். "பாட்டு எடுக்கறியா? கொழம்ப அடுப்புலயே உட்டுட்டு ஓடியாந்திருக்கேன்யா! உனக்கெல்லாம் அறிவிருக்கா?"

கையெடுத்துக் கும்பிட்டேன். மன்னிப்பு கேட்டேன். கேட்ட வாயாலேயே, "அக்கா, இன்னொரு தடவ ஓடிவர முடியுமா?" என்றும் கேட்டுவிட்டேன். எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ!

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஊரைப் பார்த்துத் திரும்பி, "நான் போயி அடுப்ப அணைச்சிட்டு வர்றேன். அதுவரைக்கும் எவனும் ஓடக்கூடாது, ஆமா!" என்றார். ஒரு குழம்புக்காக மொத்த யூனிட்டும் காத்து நின்றது.

இரண்டாம் முறை எல்லோரும் சிரித்துக்கொண்டே ஓடிவந்தார்கள். பாட்டு நன்றாகப் போனது. அடுத்தடுத்து வேலை வந்தது. 'கூட்டத்தில் நடித்தவர்கள் யார், அசத்திவிட்டார்களே' என்று இன்றும் கேட்கிறார்கள்.

இப்போது எந்த ஊருக்குப் போனாலும் ஊராரிடம் சொல்லிவிட்டுத்தான் கேமராப் பையைத் திறக்கிறேன். அந்த ராகி வயல் கரண்டிக்கார அக்காவுடையது இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்தவர் வயலுக்காகக் குழம்பைக்கூட விட்டுவிட்டு ஓடிவந்த அந்த மனுஷிதான், எனக்காக இன்னொரு முறை ஓடி என்னை டைரக்டர் ஆக்கினார்.