லா சப்பலுக்கு அடுத்த நிறுத்தத்தில் ஒரு தாய்வான் இயக்குநர்

இதைப் போர்வைக்குள் இருந்து, ஃபோன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா இன்னும் வேலையால் வரவில்லை. வந்த பிறகு என்ன நடக்கும் என்று தெரியாது. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

தாய்வான் நடிகை ஒருவர் நடித்த படங்களையும் இயக்கிய படங்களையும் பாரிஸில் கால்வாய்க் கரையிலுள்ள ஒரு சிறிய திரையரங்கில் காட்டுகிறார்கள் என்றும், இந்தச் சனிக்கிழமை அவரே வருகிறார் என்றும் பள்ளி நூலகச் சுவரில் பார்த்தேன். எனக்குப் பதினைந்து வயது. அடுத்த வருடம் உயர்நிலைப் பள்ளியில் சினிமாவை விருப்பப் பாடமாக எடுக்க ஆசை. அதற்கான படிவத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். இரண்டு வாரமாக அது என் கணக்குக் கொப்பிக்குள் கிடக்கிறது. சினிமா என்ற சொல்லை வீட்டில் எப்படிச் சொல்வது?

அம்மாவிடம், லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் தைக்கக் கொடுத்த அவருடைய சேலைச் சட்டையை எடுத்துவருகிறேன் என்று சொன்னேன். நாளைக்கு மாமாவின் மகளுக்குச் சாமத்திய வீடு, பெரியபிள்ளையான சடங்கு. ஆகவே உடனே போக விட்டார்.

எங்கள் ஊர் திரான்சியில் 13.12 ரயில். கார் து நோர் நிலையம் வரை கால் மணி நேரம். அங்கிருந்து நடைபாதை வழியாக லா சப்பல் மெட்ரோவுக்குப் போகலாம். மாணவர் அட்டை இல்லாதவர்களுக்கு இரண்டரை ஈரோ டிக்கெட் ஒன்றே முழுவதுக்கும் போதும். கால்வாய்க்கு ரூ லூயி-பிளாங் வழியாக நடந்தே போகலாம், பதினைந்து நிமிடம்தான். ஆனால் அந்தத் தெருவில்தான் அப்பா சமையல் வேலை செய்யும் உணவகம் இருக்கிறது. நான் தலையை மூடிக்கொண்டு இரண்டாம் இலக்க மெட்ரோவில் ஒரே ஒரு நிறுத்தம் போனேன். அந்த இடத்தில் மெட்ரோ பாலத்தின் மேல் ஓடும். கீழே நகைக்கடைகளும் சேலைக்கடைகளும் தெரிந்தன. மேலிருந்து அவற்றைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஒரு படம் நாலரை ஈரோ. இரண்டு படம் பார்த்தேன். முதலாவது, அவர் இருபது வயதில் நடித்தது. சமையலறையில் கணவன் அவரை அறைகிறான். அவர் விழுகிறார். படம் அவனோடு வெளியே போய்விடுகிறது. பதினாறு வயதில் நடிக்கத் தொடங்கி இருபது வருடம் தங்கையாக, காதலியாக, பேயாக இப்படித்தான் விழுந்துகொண்டிருந்தாராம்.

இரண்டாவது, முப்பத்தெட்டு வயதில் அவரே இயக்கி நடித்தது. அதே மாதிரி ஒரு சமையலறை, அதே மாதிரி ஓர் அடி. ஆனால் இந்த முறை கமரா அவனோடு போகவில்லை. அவர் எழும்புகிறார். உடைந்த கோப்பையைக் கூட்டுகிறார். அரிசி கழுவி, உலையில் போட்டு, வெந்ததும் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஒன்பது நிமிடம். அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை.

பிறகு அவர் வந்தார். குள்ளமானவர், விளையாட்டுச் சப்பாத்து போட்டிருந்தார். கேள்வி கேட்கலாம் என்றதும் என் கை தானாக உயர்ந்தது. என் சாமத்திய வீட்டைப் பற்றிச் சொன்னேன். வீடியோ அண்ணை ஏழு தரம் படியிறங்க வைத்தார். வயிற்றுவலியில் ஒவ்வொரு தடவைக்கும் இடையில் அழுதேன். மூன்று மணி நேர வீடியோவில் அது மட்டும் இல்லை. "உங்களைப் படமெடுத்தவர்கள் விட்டுவிட்டதையெல்லாம் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இருபது வருடம் சேர்த்து வைத்தேன். நீங்கள் இப்போது பார்த்தது அதைத்தான்."

வெளியே வந்தபோது 18.58. தையல் கடை ஏழு மணிக்குப் பூட்டும். சட்டையை முதலிலேயே எடுத்திருக்கலாம். ஆனால் எடுத்த கையோடு கடை அன்ரி அம்மாவுக்கு ஃபோன் அடித்துச் சொல்லிவிடுவா. பிறகு அரை மணியில் வீட்டில் நிற்க வேண்டும். எடுக்காவிட்டாலும் ஃபோன் அடிப்பா என்று நான் யோசிக்கவில்லை. சத்தத்தை நிறுத்தியிருந்த என் ஃபோனில் பதினொரு அழைப்புகள்.

ஓடினேன். கடைக் கதவு பாதி இறக்கியிருந்தது.

"வாங்கோ மகாராணி!" என்றா அன்ரி. "லூயி-பிளாங் முழுக்கத் தேடியாச்சு. ஃபோன் கடை அண்ணை கால்வாய்க்குள்ளையும் எட்டிப் பாத்தவராம்."

அவவுக்குப் பின்னால் அப்பா நின்றார். ஜாக்கெட்டுக்குக் கீழே சமையல் ஏப்ரன். கையில் அம்மாவின் சட்டை இருந்த பை.

கார் து நோர் வரை என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

"எங்கை போனனீ?"

"படத்துக்கு, அப்பா."

"ஆரோடை?"

"தனிய." இரண்டு டிக்கெட்டையும் நீட்டினேன். தெருவிளக்குக்குக் கீழே பிடித்து, இரண்டிலும் இருந்த நேரத்தைப் பார்த்தார்.

"ஆர் ஹீரோ?"

"ஹீரோ இல்லை. ஒரு மனிசிதான். அவதான் படத்தை எடுத்ததும்."

"சண்டை கிண்டை இருக்கோ?"

"இல்லை. சோறு சமைக்கிறா."

அப்பா நின்றுவிட்டார். "இதுக்கோ காசு குடுத்துப் போனனீ? நான் நாள் முழுக்க அதைத்தானே செய்யிறன். என்னை வந்து பாத்திருக்கலாமே!"

பயத்தில் வாய் தவறித்தான் சொன்னேன். "உங்களை ஒருத்தரும் படம் எடுக்கேல்லையே, அப்பா."

அப்பா அந்தப் பையைத் தந்து, என்னை ஏற்றிவிட்டு, ரயில் கதவு மூடும்வரை மேடையில் நின்றார். பிறகு வேலைக்குத் திரும்பிப் போனார்.

போக நினைப்பவர்களுக்கு: அடுத்த சனிக்கிழமையும் இரண்டு படங்கள் உண்டு. கதைப்பதற்கென்று ஒரு மணி நேரம் மேலதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவரிசையில் இருங்கள். லா சப்பலில் உங்களுக்கு வேலை ஏதும் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். அந்தத் தெருவில் யாரும் தொலைந்து போக முடியாது.

படிவத்தைக் கொப்பியிலிருந்து எடுத்து, அப்பாவின் சாப்பாட்டை மூடிவைத்த கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு தரம் திரும்ப எடுத்தேன். மூன்றாம் தரம் விட்டுவிட்டேன்.

இதுவரை எழுதியபோது கதவுச் சத்தம் கேட்டது. நிறுத்தி, மூச்சடக்கிக் கிடந்தேன். அவர் சாப்பிட்டுப் படுக்கப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இப்போது தண்ணீர் குடிக்கிற சாட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கையெழுத்து இல்லை. ஆனால் படிவம் இரண்டாம் பக்கம் திருப்பியிருந்தது. அதன் மேல் அப்பாவின் கண்ணாடியும், என்னுடைய பிரெஞ்சு அகராதியும்.