‘மகளிடம் கேள்’ என்றொரு பட்டன்

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு என்னுடையது. பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் பெஞ்சுக்கு அடியில் போனைத் தடவுவார்கள். போனில்தானே இருக்கிறார்கள், அங்கேயே போய்ப் பிடிப்போம் என்று ஒரு கதை ஆட்டம் செய்தேன். ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். ஆடுகிறவர்தான் அந்த வீட்டு அப்பா. கஷ்டம் வரும்போதெல்லாம் போனில் சில பட்டன்கள் தெரியும். எதை அமுக்குகிறார்களோ அதன்படி கதை போகும், புள்ளியும் கிடைக்கும்.

முதல் நாளே வகுப்பு விழித்துக்கொண்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாம் வாரம் கதையில் கிணறு வற்றியது. மாட்டை விற்கலாம், நிலத்தைக் குத்தகைக்கு விடலாம், மகளின் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பலாம். மூன்றாவதற்குத்தான் அதிகப் புள்ளி. வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தேன். எல்லோரும் அதில் விழுந்த பிறகு, “இது நியாயமா?” என்று கேட்டு மடக்குவதாகத் திட்டம். விழுந்தார்கள். எரியோட்டிலிருந்து வரும் ஒரு மாணவி மட்டும் எதையும் அமுக்காமல் எழுந்து நின்றாள்.

“சார், அந்தப் பிள்ளைட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டாகளா?”

“அதுக்குப் பட்டன் வைக்கலையேம்மா” என்றேன். வகுப்பே சிரித்தது. நானும்தான். அதற்குள் மணி அடித்துவிட்டது. மடக்குவதை அடுத்த வகுப்புக்குத் தள்ளிவைத்தேன்.

அடுத்த வகுப்புக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. “மில்லு வேலைக்குப் போறா சார். வீட்டுல படிப்ப நிப்பாட்டிட்டாக” என்றாள் அவள் பக்கத்தில் உட்காரும் பெண். அன்று அவள் கேட்டது கதையைப் பற்றி அல்ல என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. வெட்கமாக இருந்தது. அவள் வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கலாம். போகவில்லை. விடுமுறையில் உட்கார்ந்து ஆட்டத்தைத் திருத்தினேன், அவ்வளவுதான்.

போன மாதம் வேடசந்தூர் ரோட்டில் அவள் மில் வேனுக்காக நின்றுகொண்டிருந்தாள். அவளேதான் கூப்பிட்டாள்.

“அந்த ஆட்டம் இன்னும் நடத்துறீகளா சார்?”

“நடத்துறேம்மா. ‘மகளிடம் கேள்’னு ஒரு பட்டன் சேத்துருக்கேன். இப்ப எல்லாரும் மொதல்ல அதத்தான் அமுக்குறாங்க.”

அதற்கு எத்தனை புள்ளி, அமுக்கினால் கதை எப்படித் திரும்புகிறது என்று நான் அளந்துகொண்டே போனேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேன் வந்ததும், “வாரேன் சார்” என்று ஏறிக்கொண்டாள்.

வேன் போன பிறகுதான் உறைத்தது. எப்படி இருக்கிறாய், திரும்பப் படிக்க ஆசை இருக்கிறதா என்று அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.