நல்ல நாளில் கிளம்பிய கார்

காப்பெல் என்ற இந்த அமெரிக்க ஊரில் எங்கள் கராஜை என் கணவரின் பழைய மசில் கார், பெரிய எஞ்சின் வைத்த அந்தக் கால வேக வண்டி, அடைத்துக்கொண்டிருக்கிறது. என் கார் வெளியே ஆலங்கட்டி மழையில் அடிவாங்குகிறது. சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

போன தை மாதம் அதற்குப் எஞ்சினை மூடும் புது ஹூட், சக்கரத்துக்கு மேல் வரும் ஃபெண்டர், பம்பர் எல்லாம் வந்தன. வேறு கம்பெனிகள் அதே அச்சில் செய்து விற்பவை. முதலில் லேசாகப் பொருத்தி, இடைவெளியைச் சரிசெய்து, பிறகுதான் பெயிண்ட் அடிக்க வேண்டும். இவரோ அதற்குள் பஞ்சாங்கம் பார்த்து, கோயிலில் வாகன பூஜைக்கு நாள் குறித்துவிட்டார். அந்த அவசரத்தில் பெயிண்ட்தான் முதலில் முடிந்தது. மாட்டிப் பார்த்தால் பம்பர் கோணல். ஹூட்டும் சரியாக உட்காரவில்லை.

"இதோட ஃப்ரீவேல போகணுமா?" என்றேன், பூஜையன்று காரில் ஏறும்போது.

"நாள் குறிச்சாச்சும்மா. பூஜை முடிஞ்சதும் அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்."

ஃப்ரீவேயில் வேகம் எடுத்ததும் ஹூட் படாரென்று எழும்பி முன்கண்ணாடியை அறைந்தது. எதிரே ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து ஜன்னல் வழியே சாலைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து இவர் எப்படியோ ஓரங்கட்டினார். என் மடியிலிருந்த தேங்காய் காலடியில் உருண்டது.

கோயில் குருக்களுக்கு ஃபோன் செய்தேன்.

"பதறாதீங்கோ. வண்டியைச் சரி பண்ணிண்டு வாங்கோ, வேற நாள் பாத்துக்கலாம்" என்றார்.

நாளை மாற்ற ஒரே ஒரு ஃபோன், அவ்வளவுதான் விஷயம்.

இப்போது பஞ்சாங்கம் என் அலமாரியில் பூட்டியிருக்கிறது. ஹூட்டை நானே மூடி, இழுத்துப் பார்த்த பிறகுதான், பூஜைக்கு வேறு நாள் பார்க்கப் பஞ்சாங்கத்தை வெளியே எடுப்பேன்.