வலப்பக்கத்து ஜன்னல்

நான் மரத்தில் செய்பவை படமும் இல்லை, சிலையும் இல்லை. பலகையின் மேல் முக்கோணமும் சதுரமுமாகக் கட்டைகளை ஒட்டி, ஒவ்வொன்றின் இடப்பக்கத்தையும் சரிவாகச் சீவி, வண்ணம் பூசிச் சுவரில் மாட்டுவது. என்ன உருவம் என்று கேட்டால் உருவம் கிடையாது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், எல்லோரும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும், "காத்துல பறந்து விழுந்த கூரைத் தகரம் மாதிரி இருக்கு" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எட்டாம் ஆண்டோடு படிப்பை விட்டு, தச்சுப் பட்டறையில் பலகை தேய்க்கப் போனவள் நான். கவலை கூடப்பிறந்தது. பசை விட்டுவிடுமோ, பனியில் கட்டை ஊதிவிடுமோ என்று ஒவ்வொரு துண்டையும் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

ஹட்டன் டவுனில் புதிதாகக் கட்டிய வாசிப்பு மண்டபத்துக்கு ஐந்தடி உயரத்தில் ஒன்று கேட்டார்கள். வெளியார் கேட்டது அதுதான் முதல் தடவை. கீழ்மூலையில் கையெழுத்துப் போடுவதற்காக ஒரு வாரம் பழைய கொப்பியில் எழுதிப் பழகினேன். சரிவுகளுக்கு மஞ்சள், அவற்றின் எதிர்ப்பக்கத்துக்குக் கரும்பச்சை.

திறப்புக்கு முதல் நாள் காலை நானும் என் வீட்டுக்காரரும் கொண்டுபோய் மாட்டினோம். தள்ளி நின்று பார்த்தால், செத்துக் கிடந்தது. மஞ்சள் சேறாகத் தெரிந்தது. வீட்டில் படிப்படியாக ஏறி நின்ற கட்டைகள் சுவரோடு அப்பிக் கிடந்தன.

மண்டபப் பொறுப்பாளர் ஓய்வுபெற்ற டீச்சர். அவருக்கும் தெரிந்துவிட்டது. "பரவாயில்லம்மா, பின்னால சாமான் அறையில மாட்டிக்கலாம்" என்றார், அன்பாக.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் லயத்துக் காம்பரா ஒற்றை அறை, அதற்கு வெளிச்சம் வர ஒரே வாசல்தான். நான் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்துக்கு அது இடப்பக்கம். இத்தனை வருஷமும் எல்லாச் சரிவையும் அந்த வாசலைப் பார்த்தே சீவியிருக்கிறேன், அது தெரியாமலே. இங்கே ஜன்னல் வலப்பக்கம்.

"எறக்குங்க. தலைகீழா மாட்டணும்" என்றேன்.

"பித்தா புள்ள உனக்கு?" என்றார் வீட்டுக்காரர். "நாளைக்கு ஊரே வருது."

"தலை எது, காலு எதுன்னு நீங்களே சொல்லுங்க பாப்போம்."

அவர் பலகையைப் பார்த்தார். ஸ்குரூவைக் கழற்ற ஆரம்பித்தார்.

டீச்சர்தான் கண்டுபிடித்தார். "ஒங்க கையெழுத்து மேல போயிடுமேம்மா, அதுவும் தலைகீழா."

ஒரு வாரம் பழகிய கையெழுத்து. "போகட்டுங்க டீச்சர். பேரு பாக்குறவங்க தலையைச் சாய்ச்சுப் பாத்துக்கட்டும்."

திருப்பி மாட்டினோம். சரிவுகள் எல்லாம் ஜன்னலைப் பார்த்தன. மஞ்சள் பற்றிக்கொண்டது, பச்சை நிழலுக்குள் இறங்கியது, கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பி நின்றன. டீச்சர் போய், ஜன்னலின் மற்றப் பாதித் திரையையும் விலக்கிவிட்டார். சாமான் அறைப் பேச்சு அதோடு நின்றது.

மறுநாள் திறப்புக்கு அக்காவும் வந்திருந்தார். கழுத்தைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தகரம்தான். ஆனா வெயில் பட்ட தகரம்" என்றார். நான் நாலு ஸ்குரூவும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தது.