பாசியில் இரண்டு எழுத்து

பாசியைப் பிடுங்கும்போது சத்தமே வரவில்லை. ஈரக் கம்பளியை உரிப்பதுபோல மெல்லக் கழன்று வந்தது. அடியில் கரியாய்க் கறுத்த கல். ஐஸ்லாந்தின் தெற்கே, எப்போதோ ஓடி உறைந்த எரிமலைக் குழம்பின்மேல், கண்ணுக்கெட்டிய தூரமும் சாம்பல் கலந்த பச்சையாய் அந்தப் பாசி கிடந்தது. மரமில்லை, வேலியில்லை, தொலைவில் பனிமலையின் வெள்ளை விளிம்பு மட்டும். ஆல்ப்ஸைத் தினமும் பார்க்கும் எனக்கே அங்கே குரலைத் தாழ்த்திப் பேசத் தோன்றியது. அந்த இடத்தில்தான் நான் முழங்காலில் நின்று பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

சுவிஸில், எம்மன்புரூக்கேயில் கலியாணப் படம் எடுக்கும் ஒருவரிடம் வார இறுதிகளில் லைட் பிடிக்கும் வேலை செய்தேன்; அண்ணை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். மற்ற நாட்களில் எனக்கு லுசேர்ணில் ஒரு ஹோட்டல் சமையலறை. அண்ணையைக் கெட்டவர் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று கிழமையும் கஞ்சி கொண்டுவந்தவர். ஆனால் கமெராவைத் தூக்கிவிட்டால் உலகமே அவருக்குப் பின்னால் தொங்கவிடும் சீலைதான். ஓஸ்டர்முண்டிகன் ஊர்ச் சோடி ஒன்றைக் கலியாணத்துக்கு முந்திய படங்களுக்காக அங்கே கூட்டிப் போயிருந்தோம். மாப்பிள்ளை, பெண் இருவரின் முதலெழுத்தும் பாசியில் ஆள் உயரத்துக்குத் தெரியவேண்டும், ட்ரோனால் மேலிருந்து எடுக்கவேண்டும் என்பது அண்ணையின் யோசனை.

"அண்ணை, கால் வைக்கக் கூடாதெண்டு பலகை போட்டிருக்கு" என்றேன்.

"ஆரப்பா இஞ்சை வந்து பாக்கப் போயினம்? புல்லுத்தானே, திரும்ப முளைக்கும். பிடுங்கு."

பிடுங்கினேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

இரண்டாவது எழுத்து முடியும் நேரம் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் அந்த நிலத்தில் ஆடு வளர்க்கும் பெண்மணி, அறுபது வயது இருக்கும். அவர் கத்தவில்லை. தூரத்தில் பாசிக்கு நடுவே தெரிந்த இரண்டு கறுப்புக் கோடுகளைக் காட்டி, தான் பள்ளிக்கூடம் போன காலத்தில் யாரோ வண்டி ஓட்டிய தடம் அது, இன்னும் மூடவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு குனிந்து, நான் எறிந்திருந்த துண்டுகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாகக் கல்லில் பொருத்தி, உள்ளங்கையால் அழுத்தத் தொடங்கினார். மாப்பிள்ளை காருக்குள் போய் இருந்துகொண்டார். மணப்பெண் மட்டும் பட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் குந்தினாள். "அண்ணா, நீங்களும் வந்து வையுங்கோவன்" என்று என்னைக் கூப்பிட்டாள்.

நான் அசைய முதல் அண்ணை என் தோளைப் பிடித்தார். "நில்லடாப்பா. அருமையான படம். லைட்டைப் பிள்ளையின்ரை முகத்துக்குத் திருப்பு." அவருடைய கமெரா கிளிக், கிளிக் என்றது. நான் திருப்பினேன். வெளிச்சத்தில் மணப்பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு பார்க்கவேயில்லை.

நாங்கள் சுவிஸுக்குத் திரும்பிய பிறகு, அந்தப் படத்தை அழித்துவிடும்படி அவள் இரண்டு முறை போன் எடுத்தாள். அண்ணை அழிக்கவில்லை. கிழவியைக் கணினியில் துடைத்துவிட்டு, பட்டுச் சேலையோடு பாசியை வருடும் மணப்பெண்ணாக அதைப் பெரிதாக்கித் தன் படக்கடைக் கண்ணாடியில் மாட்டினார். வருகிறவர்கள் அதன் முன் நின்று, "என்ன வடிவு" என்பார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் உள்ளே போய்விடுவேன். அப்படியிருந்தும் இரண்டு மாதம் வேலைக்குப் போனேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இதுவும் துடைத்த படமாகிவிடும்.

பிறகொரு நாள் போன் வந்தது. "தம்பி, இன்னொரு சோடி. அதே இடம்தான் வேணுமாம்."

"அந்த எழுத்துகள் அப்பிடியே கிடக்கும் அண்ணை."

"கிடக்கட்டும். பக்கத்திலை எவ்வளவு இடம் சும்மா கிடக்கு."

"நான் வரேல்லை. இனி ஒண்டுக்கும் வரேல்லை. அருவருப்பா இருக்கு."

அண்ணை உண்மையாகவே விளங்காதவராக, "ஆரிலை தம்பி?" என்று கேட்டார்.

"உங்களிலையும்தான்" என்றேன்.